கோயிலடியில் ஒரு வீடு

1

போன ஞாயிற்றுக்கிழமை காலமான என் வீட்டுக்காரருக்கு ஆண்டுப் பூசை. அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில், போன வருடப் பூசையில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

ஊரில் ஒரு பூசைக்குப் பெயர் கொடுப்பதென்றால் எவ்வளவு சுலபம். சாமியார் வீட்டு வாசலில் போய் நின்று, "சாமி, இவருக்கு ஒரு பூசை" என்றால் முடிந்தது. இங்கே மெல்பேர்னில் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கோயில்கள் மூன்றுக்கும் சேர்த்து ஒரே அலுவலகம். தொலைபேசி எடுத்தால் ஒரு பெண்குரல் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்கிறது. செத்தவருக்குப் பூசை கேட்பவர் எதை அமத்துவது என்று மட்டும் அந்தக் குரல் சொல்வதில்லை. நாலைந்து தரம் அமத்திப் பார்த்துவிட்டு ஈமெயில் போட்டேன்.

அவருடைய பெயர் சூசைப்பிள்ளை. அதை இங்கிலீசு எழுத்தில் எழுதினால் எப்படி வாசிப்பார்கள் என்று நான் யோசிக்கவில்லை. எங்கள் சாமியார் வியட்நாமில் இருந்து வந்தவர், தங்கமான மனிதர். பூசையில் அதை "சூசி பிள்ளே" என்று வாசித்தார். சூசி என்றால் இந்த நாட்டில் பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். மீசையும் ஆளுமாய், குருநகர் கடற்கரையே அதிரக் கதைத்த மனிதன், சூசியாகிப் போனார். பூசை முடிய ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் தங்கச்சியா?" என்று கேட்டாள். விளங்கப்படுத்தப் போனால் பொழுது விடிந்துவிடும் என்று "யெஸ்" என்றேன்.

வெளியே காரில் இருந்த மகனிடம் சொன்னேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான். அப்பா செத்த பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

2

அன்ரன் எங்கள் ஒரே பிள்ளை. இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை, இப்போது கொம்பியூட்டர் வேலை, வீட்டில் இருந்தபடியே செய்கிறான். அவனுடைய தமிழ் குசினித் தமிழ், சமையலறைக்குள் செல்லுபடியாகிற அளவு. வா, போ, பசிக்குது, உறைக்குது என்கிற வரையில் ஓடும். அதற்கு மேலே மேடு வந்தால் இங்கிலீசில் இறங்கிவிடுவான். மருமகள் மேகலா கோயம்புத்தூர்ப் பிள்ளை, சைவ சமயம். எங்களில் மாமி என்பார்கள், அவள் அத்தை என்பாள். எனக்கு அது பிடித்திருக்கிறது. மூன்று பேரும் மல்கிரேவில், நானும் இவரும் உழைத்து வாங்கிய வீட்டில் இருக்கிறோம். இவர் கார்ச் சாமான் செய்கிற தொழிற்சாலையில், நான் ஆஸ்பத்திரி லோண்டரியில். அந்த வீட்டின் ஒவ்வொரு செங்கல்லிலும் யாரோ ஒருவருடைய படுக்கைவிரிப்பு நான் துவைத்தது இருக்கிறது.

நான் கார் ஓட மாட்டேன். ஒருமுறை பழகப் போய்த் தபால்பெட்டியை இடித்ததோடு விட்டது. இவர் இருக்கும்வரை ஞாயிறு பூசைக்குக் கூட்டிக்கொண்டு போவார். பிறகு மகன் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனை எழுப்புவதைவிடக் கல்லறையில் இருந்து லாசரை எழுப்புவது சுகம். பஸ் நினைத்த நேரம் வரும், நினைத்தால்தான் வரும். ஒருநாள் பூசை தவறிப்போன எரிச்சலில் வாய்விட்டுச் சொன்னேன்:

"எனக்கு ஒண்டும் வேண்டாம். கோயிலடியில ஒரு வீடு எண்டால் போதும்."

ஊரில் இருக்கிற உங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்குக் கோயில் என்றால் மாதா கோயில். கோயிலடி என்றால் அதன் வாசல், வளவு, வேம்பு, கச்சான் கடலை விற்கிறவள், பூசை முடிய நின்று கதைக்கிற கதை எல்லாம் சேர்ந்த ஒரு இடம். உள்ளே வராமல் வேம்பின் கீழ் நிற்கிற ஆம்பிளைகள் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள். பிரசங்கம் காதில் விழும், ஆனால் முழங்கால் நிலத்தில் படாது. "எங்க உம்மட மனுசன்?" என்று கேட்டால், "கோயிலடியில நிக்கிறார்" என்று பெண்சாதி சொல்லுவாள். அவர் பூசைக்கு வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. அது பாதி வருகை. கடவுளுக்கும் அது தெரியும்.

நான் சொன்னதை அன்ரன் கேட்டுக்கொண்டிருந்தான். சில கிழமைகள் போனபின் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, கண்டுபிடிச்சிட்டன். கோயில் வீடு."

படத்தைப் பார்த்தேன். கல்லால் கட்டிய சின்னக் கோயில், மேலே சிலுவை, கீழே "விற்பனைக்கு" என்ற பலகை. மெல்பேர்னை விட்டு வெகுதூரம், பலராட் நகருக்கு அங்கால் ஒரு சின்ன ஊர். மூடிப்போன கத்தோலிக்கக் கோயில். யாரோ வாங்கி வீடாக மாற்றி, இருந்துவிட்டு, இப்போது விற்கிறார்களாம்.

"பேரைப் பாருங்கோ அம்மா. செயின்ற் ஜோசப். அப்பான்ர பேர்."

ஜோசப் என்றால் எங்களுக்குச் சூசை. சூசையப்பர் கோயில். அவனுடைய சந்தோசத்தைப் பார்க்க, நான் கேட்டது இது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் மல்கிரேவ் வீட்டை விற்றால் இதை வாங்கலாம், மிச்சமும் வரும் என்றான். வீடு என் பெயரில் இருக்கிறது. ஆகையால் நான் ஓம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை பார்க்கப் போவோம், அடுத்த கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றான்.

3

சனிக்கிழமை வீடு பார்க்கப் போவது மெல்பேர்னில் ஒரு பெருநாள் போல. வாங்குகிறவனும் போவான், வாங்காதவனும் போவான். நாங்கள் போனபோது வாசலில் ஏழெட்டுப் பேர். ஏஜென்ட் பெண் ஒருத்தி, இறுக்கமான கோட்டு, வெள்ளைப் பல், எல்லோரையும் பார்த்து, "நிலம் புதிதாகப் பொலிஷ் பண்ணியது, தயவுசெய்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கோயிலுக்குள் போவோம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் சப்பாத்துக் காலோடு சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கப் போவதற்கு என்ன கூச்சப்பட்டேன். இந்தக் கோயிலும் கோயிலாக இருந்த காலமெல்லாம் சப்பாத்தோடு நடந்திருப்பார்கள். வீடான பிறகு கழற்றச் சொல்கிறார்கள். கழற்றினேன். எனக்கென்ன, பழகின கால்.

வாசலைத் தாண்டினதும் வலப்பக்கச் சுவரில் தீர்த்தக் கிண்ணம். கல்லில் குடைந்தது. என் கை என்னைக் கேட்காமலே அதற்குள் போய்விட்டது. தண்ணீர் இல்லை. விரலில் ஒரு திறப்புக்கோர்வை மாட்டியது, சாவிக்கொத்து. வீட்டை விற்கிறவர்கள் கார்த் திறப்பு போட்டு வைக்கிற இடமாம். எடுத்த விரலை என்ன செய்வது? நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். ஏஜென்ட் பார்த்தாள். "எவ்வளவு அழகு" என்றாள்.

உள்ளே, ஐயோ, என்ன சொல்ல. சனம் இருக்கிற நீள வாங்குகள் போன இடத்தில் சோபா. பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்த மூலையில் கோட்டுகள் தொங்கின. பாட்டுக்காரர் நிற்கிற மேல்தட்டில் படுக்கை. பீடத்துக்கு ஏறுகிற மூன்று படிகள் அப்படியே இருந்தன. ஏறினால் குசினி. பீடம் நின்ற அதே இடத்தில், அதே நீளத்தில், வெள்ளைக் கல் போட்ட சமையல் மேசை. அதன் நடுவில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர்த் தொட்டி.

"திஸ் பிளேஸ் ஹாஸ் ஸோ மச் சோல்" என்றாள் ஏஜென்ட். மேகலா என் காதில், "என்னங்க அத்தை சொல்றாங்க, ஆத்மாவா? இங்க ஆத்மா இருக்குதாமா?" என்றாள். எங்களுக்கு ஆத்துமா என்றால் செத்தபின் பாவம் தீர உத்தரிக்கிற ஆத்துமாக்கள். அவளுக்குப் பேய். இரண்டு பேரும் ஆளையாள் பார்த்தோம்.

"அது சும்மா விக்கிறதுக்குச் சொல்லுறது பிள்ளை" என்றேன்.

"இல்லீங்க அத்தை. எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க. சாமி இருந்த எடத்துல நின்னு எப்படிக் கறி தாளிக்கிறது? நீங்க நண்டு உடைப்பீங்களே, அதை எங்க வெச்சு உடைக்கிறது?"

சைவப் பிள்ளைக்குத் தெரிந்தது, ஞானஸ்நானம் பெற்ற என் மகனுக்குத் தெரியவில்லை. அவன் படிகளில் நின்று கையை விரித்துக் காட்டினான். பிறகு சாமியார் உடுப்பு மாற்றுகிற சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "இது உங்கட ரூம் அம்மா. பாருங்கோ, கோயிலுக்குள்ளேயே" என்றான். அறை நல்ல அறைதான். காலை வெயில் விழுகிற ஜன்னல். அவனே அளந்து வைத்திருந்தான், என் கட்டில் எந்தப் பக்கம், அப்பாவின் படம் எந்தப் பக்கம் என்று. எனக்குக் கோபப்படவும் முடியவில்லை, சந்தோசப்படவும் முடியவில்லை.

4

நான் அறையில் இருந்து வெளியே வந்தபோது, கறுப்புக் கார்டிகன் போட்ட ஒரு கிழவி வாசலால் வந்தாள். சப்பாத்தை அவள் கழற்றவில்லை. ஏஜென்ட்டும் கேட்கவில்லை. கிழவி நேரே தீர்த்தக் கிண்ணத்துக்குள் விரலை விட்டாள். திறப்புகள் கிலுங்கின. அவளும் நெற்றியில் சிலுவை போட்டாள். நான்தான் மறதியில் செய்தேன் என்றால், அவள் தெரிந்தே செய்கிறாள்.

பெயர் ரோசா. இத்தாலிக்காரி. அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஒரே தரம் என்பதால் எங்களுக்குள் வசதியாகப் போயிற்று. பிள்ளைகள் எல்லோருக்கும் இங்கேதான் ஞானஸ்நானமாம், அடக்கத்துக்குப் புருசனைத் தூக்கியது இந்த வாசலாலாம். விற்ற பிறகு உள்ளே வர வழி இல்லை. இப்போது மறுபடி விற்பனைக்குப் போட்டிருப்பதால் சனிக்கிழமைகளில் கதவு திறக்கிறார்கள்.

"அவர்கள் விற்கிற நேரம் மட்டும்தான் நான் வரலாம்" என்றாள்.

"வாங்கப் போகிறது நீங்களா?" என்று கேட்டாள். மகன் என்றேன். அவள் என் கழுத்தில் இருந்த மாதா பதக்கத்தைப் பார்த்தாள். "நல்லது. உங்களைப் போல ஆள் வாங்கினால் நல்லது."

நான் கேட்டேன்: "அப்படியென்றால் இந்த ஊரில் ஞாயிறு பூசை எங்கே?"

அவள் சிரித்தாள். "டெலிவிஷனில்."

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. கோயிலை ஏன் விற்கிறார்கள்? ஆள் இல்லை, மூடினார்கள், விற்றார்கள். கோயிலடியில் வீடு கேட்ட எனக்கு, நிச்சயமாகக் கோயில் இல்லாத ஒரு ஊரை என் பிள்ளை தேடிப் பிடித்திருக்கிறான். இந்த வீட்டை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை நான் சமையல் மேசைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, டெலிவிஷனில் பூசை பார்க்க வேண்டும்.

ரோசா போகும்போது பூட்டிய பெட்டகத்தைத் தடவுவது போல அந்த மரக்கதவை ஒருமுறை தடவினாள். நான் பார்க்காதது போல நின்றேன்.

5

திரும்பி வருகிற வழியில் ஒரு பேக்கரிக்கு முன்னால் காரை நிறுத்தினான். மேகலா தேத்தண்ணி வாங்கப் போனாள். வேண்டுமென்றே போனாள் என்று நினைக்கிறேன். காருக்குள் நானும் அவனும்.

"என்ன அம்மா? பிடிக்கேல்லையா?"

"வடிவான இடம்தான். ஞாயிறு பூசைக்கு எங்க போறது?"

"அம்மா, யூ வில் பி லிவிங் இன் இட்."

"வீடு அது. பூசை எங்க?"

போனை எடுத்துத் தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். "நாப்பது நிமிசம். ட்ரைவ்."

"இப்ப பத்து நிமிசம். அதுக்கே உன்னை எழுப்பத் தண்ணி தெளிக்க வேணும்."

அவன் முகம் சிவந்தது. "நீங்கள்தானே கேட்டனீங்கள். கோயிலடியில வீடு வேணும் எண்டு. யூ செட் இட்."

"கோயிலடி எண்டால் கோயிலுக்குப் பக்கம் தம்பி."

"நோ. அடி மீன்ஸ் அண்டர். மரத்தடி, அண்டர் த ட்ரீ. கட்டிலடி, அண்டர் த பெட். கோயிலடி, கோயிலுக்குக் கீழ. அந்தக் கூரைக்குக் கீழ. நான் தமிழ் ஸ்கூல்ல படிச்சனான் அம்மா."

படித்தவன்தான். சனிக்கிழமை சனிக்கிழமையாக நான் பஸ்ஸில் கொண்டுபோய் விட்ட தமிழ்ப் பள்ளிக்கூடம். அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. மரத்தடி என்றால் மரத்தின் கீழ்தான். கோயிலடி மட்டும் ஏன் வாசலும் வளவும் ஆனது? இது யார் சொல்லிக் கொடுப்பது? வேம்பைக் காட்டியிருக்க வேண்டும். கச்சான்காரியைக் காட்டியிருக்க வேண்டும். மல்கிரேவில் நான் எதைக் காட்ட?

"கோயிலடி எண்டால் ஆக்கள், ராசா. கட்டிடம் இல்லை. பூசை முடிய பிலோமினா அக்காவோட நிண்டு கதைக்கிற கதை. அங்க நான் ஆரோட கதைக்கிறது?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என்னைப் பார்க்காமலே, பாதித் தமிழிலும் பாதி இங்கிலீசிலும் ஒன்று சொன்னான். அதை நான் உங்களுக்கு முழுத் தமிழில் சொல்கிறேன். அப்பா எப்போதும் வேலை, எப்போதும் நித்திரை. அப்பா தன்னோடு ஒழுங்காகக் கதைத்தது ஞாயிறு காலையில், கோயிலுக்குப் போகிற காருக்குள் மட்டும்தான். அவர் போன பிறகு உள்ளே போய் அந்த வாங்கில் இருக்கத் தன்னால் முடியவில்லை. இந்தக் கோயிலில் வாங்கே இல்லை. சாமியாரும் இல்லை. பெயர் மட்டும் அப்பாவுடையது. இது என்றால் தன்னால் இருக்க முடியும் என்று நினைத்தானாம்.

அப்போதுதான் தெரிந்தது, அந்த வீட்டை அவன் எனக்கு மட்டும் தேடவில்லை. எனக்கு அழுகை வந்தது. பிள்ளை கோயிலை விட்டுவிட்டான், கடவுளை விட்டுவிட்டான் என்று நான் எத்தனை பேரிடம் குறைப்பட்டிருப்பேன். அவன் போகாமல் இருந்தது தகப்பனுக்காக என்று எனக்கு யார் சொன்னது?

ஆனாலும் நான் ஓம் சொல்லவில்லை. சொல்ல முடியாது. பெத்த மனம் பித்துத்தான், ஆனால் அந்த ஊரில் நான் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டேன். பூசைக்கு ஆள் இல்லாமல் மூடின கோயிலில், ஆள் இல்லாமல் நான் இருக்க முடியாது.

"வீட்டை விக்க வேண்டாம் தம்பி. என்னால ஏலாது."

"ஃபைன்" என்றான்.

இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு நல்லது என்றும் பொருள், தண்டப்பணம் என்றும் பொருள். அவன் சொன்னது எது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மேகலா தேத்தண்ணியோடு வந்தாள். மெல்பேர்ன் வரும்வரை மூன்று பேரும் வானொலி கேட்டோம்.

6

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்தால் பரவாயில்லை. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் வராது. போனில் அந்தக் கோயிலின் படத்தை அவன் பார்ப்பதை ஒன்றிரண்டு தரம் கண்டேன். பிறகு அதில் "விற்பனையாகிவிட்டது" என்று சிவப்பில் போட்டிருந்ததையும் கண்டேன். யார் வாங்கினார்களோ. ரோசாவுக்குக் கதவு மூடிவிட்டது.

ஆண்டுப் பூசை நெருங்கியபோது வழக்கம்போல ஈமெயில் போட்டேன். "சூசி ஆனாலும் பரவாயில்லை, ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்" என்று மேகலாவிடம் பகிடியாகச் சொன்னேன். அன்ரன் மேசையில் இருந்தான். தலை நிமிரவில்லை.

ஞாயிறு காலை நான் எழுப்பாமலே எழும்பிக் காரை எடுத்தான். கோயில் வளவில் நிறுத்தி, "நான் இங்க நிக்கிறன், போட்டு வாங்கோ" என்றான். நான் வற்புறுத்தவில்லை.

பூசை தொடங்கியது. நான் செபிக்க வேண்டும், என் மனம் செபத்தில் நிற்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். முன்வாங்குகளில் நரைத்த தலைகள். பிலிப்பைன்காரர், மலையாளிகள், வியட்நாம்காரர், நாங்கள். எல்லோரும் எங்கேயோ இருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் வயது போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் எங்கே? பீடத்தைப் பார்த்தேன். அதன் நீளத்தை என் கண் அளந்தது. தண்ணீர்த் தொட்டி நடுவில் வரும், அடுப்பு இடப்பக்கம், பாவசங்கீர்த்தன மூலையில் கோட்டுகள். அப்படி ஒரு பயம் எனக்கு இவர் செத்த அன்றைக்குக்கூட வந்ததில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அப்போது சாமியார் பெயரை வாசித்தார். ஒரு நொடி நிறுத்தி, கல்லுக்குக் கல் கால் வைத்து ஆற்றைக் கடக்கிறவர் போல, "சூ-சைப்-பிள்-ளை" என்றார். பிழை இல்லை. அந்தப் பெயரை, அந்த உச்சரிப்போடு, இந்த நாட்டுக் கோயில் ஒன்றில் நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

பூசை முடிய வாசலில் சாமியாரின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். "உங்கள் மகன் போன் எடுத்தார். நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை" என்று சிரித்தார்.

பின்னால் பிலோமினா அக்கா வந்தா. எங்கள் ஊர்தான், எதையும் விடமாட்டா.

"தேப்பன்ர பூசைக்கும் மகன் வரேல்லையோ?"

வளவின் ஓரத்தில், யூக்கலிப்ரஸ் மரத்தின் கீழ், கார்க் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கோயிலின் பக்கம் காதை வைத்தபடி அவன் இருந்தான்.

"வந்தவன் அக்கா" என்றேன். "கோயிலடியில நிக்கிறான்."